மிளகு போட்ட ஜாடியில் மிளகாய்: கண்டனூர் உக்கிராணத்திலிருந்து சில குறிப்புகள்

கால் கிலோ பச்சை மிளகாய் வாங்கினால் எங்கள் வீட்டில் பாதி சமையலுக்குப் போகும், மீதி குப்பைக்குப் போகும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பாலிதீன் பையோடு கிடந்து, காம்புப் பக்கம் வெள்ளையாகப் பூத்து, பிறகு கொழகொழவென்று ஆகிவிடும். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். நானும் இதைப் பெரிய விஷயமாக நினைத்ததில்லை, போன முறை படைப்புக்காகக் கண்டனூர் போகும் வரை.

கண்டனூர், காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற நகரத்தார் ஊர். காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை பக்கம் போகிற ரயிலில் ஏறினால் முதலில் வரும் நிலையமே ‘கண்டனூர் புதுவயல்’தான். அங்கே ஆயா வீடு (எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவர் ஆயா, அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா) பூட்டியே கிடக்கிறது. ஆயா போய் இரண்டு வருஷம் ஆகிறது. படைப்பு என்றால் பங்காளிகள் கூடி, முன்னோருக்குப் படைத்துச் சாப்பிடுகிற நாள். அன்றைக்கு மட்டும் கதவு திறக்கும்.

பாத்திரம் எடுக்க உக்கிராணத்துக்குள் போனபோது, மூலையில் ஒரு பழுப்பு நிற ஜாடி. வாயில் வேட்டித் துணி கட்டி, மேலே தட்டு கவிழ்த்திருந்தது. திறந்தால் மோர் மிளகாய். ஆயா கடைசியாகப் போட்டது. நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது, ஆனால் பூஞ்சை இல்லை, பூச்சி இல்லை, எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலவென்றது. நாலு எடுத்து எண்ணெயில் பொரித்துத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டோம். நன்றாகவே இருந்தது.

என் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்காத பொருள், மின்சாரமே இல்லாத ஒரு இருட்டறையில் இரண்டு வருஷம் எப்படித் தாங்கியது? அதைத் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

பெயரிலேயே இருக்கிறது

மிளகாய் நம்ம ஊர்ச் செடி இல்லை என்பது இப்போது பலருக்கும் தெரியும். அமெரிக்கக் கண்டத்துக்காரப் பயிர் அது. 1492-ல் கொலம்பஸ் போன பிறகுதான் மற்ற கண்டங்களுக்குத் தெரிய வந்தது. போர்த்துகீசியர் 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள், 1510-ல் கோவாவைப் பிடித்தார்கள். அவர்களோடு 16-ஆம் நூற்றாண்டில் மிளகாயும் வந்து சேர்ந்தது.

புதுப் பொருளுக்கு நம்மவர்கள் புதுப் பெயர் தேடவில்லை. மிளகு மாதிரி உறைக்கிற காய், ஆகவே மிளகு + காய் = மிளகாய். கன்னடத்தில் மெணசு என்றால் மிளகு, மெணசினகாயி என்றால் மிளகாய். மலையாளத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே வெறுமனே ‘முளகு’ என்றால் இன்றைக்கு மிளகாய்தான். பழைய மிளகு பாவம், ‘குருமுளகு’, ‘நல்லமுளகு’ என்று அடைமொழி போட்டுக்கொண்டு நிற்கிறது. சிங்களத்திலும் அதே கதை: ‘மிரிஸ்’ என்றால் மிளகாய், மிளகுக்கு ‘கம்மிரிஸ்’, அதாவது ஊர் மிரிஸ். விருந்தாளி வந்து வீட்டுக்காரன் பெயரையே எடுத்துக்கொண்ட மாதிரி.

இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. என் கணிப்பு என்னவென்றால், மிளகாய் எடுத்துக்கொண்டது பெயரை மட்டுமல்ல. மிளகைக் கெடாமல் வைக்கிற முறையையும், அதற்கான ஜாடியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

மிளகாய்க்கு முன்னால் ஜாடியில் என்ன இருந்தது?

சங்ககாலத்தில் மிளகுக்குக் கறி என்று பெயர். காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் மிளகு மூட்டைகள் கிடந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. முசிறியிலிருந்து ரோமாபுரிக்குக் கப்பல் கப்பலாகப் போனதும் இதுதான். எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகம். அங்கே 1999-ல் ஒரு கோயில் தரைக்குக் கீழே தோண்டியபோது, இந்தியாவில் செய்த பெரிய மண்ஜாடி ஒன்று கிடைத்தது. உள்ளே ஏழரைக் கிலோ கருமிளகு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 1900 வருஷம் கழித்தும் அது மிளகு என்று பார்த்தவுடன் சொல்ல முடிந்தது.

காய்ந்த மிளகு அப்படி நிற்கும். சின்ன மணி, வெயிலில் சில நாளில் சுருண்டு கல் மாதிரி ஆகிவிடும். ஆனால் கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகு? அது பச்சை மிளகாய் மாதிரியேதான், சில நாளில் கறுத்துப் பூத்துவிடும். அதை எப்படி வைத்தார்கள் என்பதற்கு ஒரு வெளியூர்க்காரர் சாட்சி சொல்கிறார்.

மொராக்கோ நாட்டு இப்னு பதூதா 1340-களில் தென்னிந்தியாவில் சுற்றியவர், மதுரை சுல்தான்களோடும் இருந்தவர். மேற்குக் கரையில் ஹொன்னாவரில் அவருக்கு வைத்த சாப்பாட்டை விவரிக்கும்போது, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உப்பில் போட்ட மிளகுக் கொத்து, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் வந்ததாக எழுதுகிறார். இன்னோர் இடத்தில், கிழக்குக் கடல் பயணத்தின்போது ஒரு நாட்டு இளவரசி அவருக்கு நாலு பெரிய ஜாடிகள் கொடுத்தாளாம். உள்ளே இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய், எல்லாம் கடல் பயணத்துக்கென்று உப்பிட்டவை. அந்த ஜாடிக்கு அவர் சொல்லும் பெயர் மர்த்தபான்.

மர்த்தபான் என்பது ஊர்ப் பெயர். பர்மாவில் சல்வீன் ஆற்று முகத்துவாரத்தில், மோல்மேனுக்கு எதிர்க்கரையில் இருக்கிற துறைமுகம். அங்கிருந்து போன பெரிய மெருகு ஜாடிகளுக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. இந்தியில் ஊறுகாய் ஜாடிக்கு இன்றும் இதே பெயர்தான். மிளகாய் இந்தியாவுக்கு வருவதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முன்பே உப்பு, புளிப்பு, மெருகு ஜாடி, கடல் பயணம் நான்கும் ஒன்றாகக் கூடிவிட்டன. மிளகாய் வந்தபோது அதற்கு இடம் தயாராக இருந்தது. பச்சை மிளகை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போடுகிற பழக்கம் இன்றும் நம் வீடுகளில் உண்டு. தை மாதம் சந்தைக்குப் பச்சை மிளகு வந்தால் வாங்கிப் போடுகிறோம். அந்தப் பழைய முறையின் மிச்சம் அது.

இது நம்ம ஊரில் மட்டும் நடந்ததும் இல்லை. கொரியாவில் கிம்ச்சி என்றால் இன்று சிவப்பு நிறம்தான் ஞாபகம் வரும். ஆனால் உப்பில் புளிக்கவைத்த காய்கறி ஜாடி அங்கே மிளகாய்க்கு வெகு காலம் முந்தியது. 1614-ல் எழுதப்பட்ட ஒரு கொரிய நூல்தான் மிளகாயை ‘ஜப்பான் கடுகு’ என்று புதுப்பொருளாகச் சொல்கிறது. அங்கேயும் ஜாடி முதலில், மிளகாய் பிறகு.

காடு வேண்டாம், கொல்லை போதும்

மிளகாய் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு ஒரு தமாஷ். ஜெர்மனியில் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற தாவரவியலாளர் 1542-ல் போட்ட மூலிகை நூலில் மிளகாய்க்குக் ‘கோழிக்கோட்டு மிளகு’ என்று பெயர் கொடுத்திருக்கிறார். இந்தியச் செடி என்றே நினைத்துவிட்டார். அதே சமயம் எல்லா அடுப்படிக்குள்ளும் அது உடனே நுழைந்துவிடவும் இல்லை. 1590 வாக்கில் எழுதப்பட்ட அயினி அக்பரியில் வரும் அரண்மனைச் சமையலில் காரத்துக்கு மிளகுதான் இருக்கிறது என்று உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா காட்டுகிறார். தெற்கே புரந்தரதாசர் பெயரில் வழங்கும் ஒரு பாட்டு மிளகாயைப் பாடுகிறது என்பதையும் அவரே எடுத்துச் சொல்கிறார். நம் வீடுகளில் இன்னும் திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகு மட்டும்தான். பழைய ஆட்களுக்குப் படைக்கும்போது பழைய காரம்.

பிறகு மிளகாய் ஜெயித்ததற்குக் காரணம் ருசி மட்டுமில்லை. மிளகுக்கொடிக்கு மழையும் நிழலும் மலைச்சரிவும் வேண்டும். சேர நாட்டுக்காரனுக்கு அது கொல்லையில் இருக்கும். நம்ம சீமைக்காரனுக்கு அது கடைச்சரக்கு. மிளகாய்க்கு ஒரு பாத்தி போதும். அதிலும் ராமநாதபுரம் சீமை மாதிரி வானம் பார்த்த பூமியில், ஐப்பசி மழையை நம்பி விதைத்துத் தை, மாசியிலிருந்து பழம் எடுக்கிற பயிராக மிளகாய் உட்கார்ந்துகொண்டது. குண்டு குண்டாக, தோல் தடித்துப் பளபளப்பாக இருக்கிற ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்டனூர் இன்று சிவகங்கை மாவட்டம் என்றாலும், 1985-ல் மாவட்டம் பிரிக்கும் வரை இதெல்லாம் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான்.

ஆனால் ஒரு சிக்கல். மிளகு மணியைக் காயவைப்பது சுலபம். பச்சை மிளகாயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர், மேலே மெழுகு பூசின மாதிரி தோல். உள்ளே இருக்கிற ஈரம் லேசில் வெளியே வராது, வெளியே வருவதற்குள் அழுக ஆரம்பித்துவிடும்.

இங்கே ஒரு கேள்வி வரும். காரம் கிருமியைக் கொல்லும் என்கிறார்களே, பிறகு மிளகாய் ஏன் அழுகுகிறது? பொலிவியா நாட்டுக் காட்டு மிளகாய்களை ஆராய்ந்து 2008-ல் ஒரு குழு வெளியிட்ட கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின், பழத்துக்குள் நுழையும் ஃபுசேரியம் பூஞ்சையிடமிருந்து விதையைக் காக்கிறதாம். பறவைக்கு அந்தக் காரம் தெரியாது; அது பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போட்டுவிடும். செடியின் அக்கறை விதைமேல்தான். காரமும் விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்பில்தான் அதிகம், சதையில் குறைவு. நம்முடைய சட்னிக்காக அந்தச் சதை இரண்டு வாரம் கெடாமல் இருக்க வேண்டும் என்று செடிக்கு ஒரு கட்டாயமும் இல்லை.

ஆயா செய்தது

செட்டிநாட்டு வீட்டை மாளிகை என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடித் தரை எல்லாம் சரி. ஆனால் நடுவில் இருக்கிற வளவு வாசலும், பின்னால் இரண்டாங்கட்டும் அடுப்படியும் வேறு ஒரு வேலைக்கானவை. வீட்டுக்குள்ளேயே வெயில் விழும், காற்று ஓடும், வெளியிலிருந்து மாடும் ஆடும் வராது. சுற்றி நிழலில் உட்கார்ந்து காக்காய் விரட்டலாம். மாசி முதல் வைகாசி வரை அந்த வாசலில் ஏதாவது ஒன்று காய்ந்துகொண்டே இருக்கும்: வத்தல், வடகம், மாவடு, மிளகாய். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் காய்கறி கிடைக்காது. அதற்கான முன்னேற்பாடு அது.

மோர் மிளகாய்க்கு ஆயா சொல்லும் கணக்கு எனக்கு ஓரளவு ஞாபகம் இருக்கிறது. குட்டையாக, சதைப்பற்றான மிளகாய் எடுக்க வேண்டும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பை முழுசாகக் கிள்ளாமல் பாதி விட்டு, நுனியில் ஊசியால் குத்த வேண்டும். கிலோவுக்கு இரண்டு கை நிறையக் கல்லுப்பு. புளித்த தயிரைத் தண்ணீர் அதிகம் விடாமல் கடைந்து அதில் ஊறப்போட வேண்டும். இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் குலுக்கிவிட்டு, பிறகு மிளகாயை மட்டும் எடுத்துப் பாயில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர்ச் சட்டியையும் வெயிலில் வைக்க வேண்டும். மோர் முழுக்க உறிஞ்சி முடிகிற வரை இப்படி. அதன் பிறகு சலசலவென்று சத்தம் வரும் வரை வெறும் காய்ச்சல்.

“அவசரப்பட்டு ஒரே மூச்சா காயவச்சா மேல காஞ்சிரும், உள்ள அழுகிரும்ப்பா. அது குடிக்கணும், காயணும், குடிக்கணும், காயணும்.” இதுதான் ஆயாவின் விளக்கம்.

இதை இன்றைய பாஷையில் சொன்னால், நாலு காவல் ஒன்றன்மேல் ஒன்றாக. ஊசித் துளை, மெழுகுத் தோலைத் தாண்டி வழி திறக்கிறது. உப்பு, உள்ளே இருக்கிற தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவருகிறது. தயிரில் இருக்கிற நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிப் புளிப்பு ஏற்றுகின்றன. கெடுக்கிற கிருமிகள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. கடைசியில் வெயில், ஈரத்தைப் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. காம்பைப் பாதி விடுவது ஏன்? தலைப்பக்கம் திறந்தால் விதை கொட்டிவிடும். தயிர்ப் புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் காரமும் கொஞ்சம் அடங்குகிறது.

மெக்சிகோவில், மிளகாயின் சொந்த ஊரில், இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டார்கள். ஹாலப்பேன்யோ மிளகாய் சதை தடித்தது, வெறும் வெயிலில் ஒழுங்காகக் காயாது. ஆகவே புகைபோட்டு உலர்த்தினார்கள். அதுதான் சிபோட்லே, பழைய நவாட்ல் மொழியில் ‘புகை மிளகாய்’ என்று பொருள். நம்மிடம் மோர் இருந்தது, அவர்களிடம் புகை இருந்தது.

ரங்கூன் வரை

இதெல்லாம் வெறும் வீட்டுச் சிக்கனம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து செட்டிநாட்டு ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போனார்கள். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் அவர்கள் போட்டிருந்த மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அரசாங்கத்தின் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. பெட்டியடியில் இருந்த ஏஜெண்டுக்கும் அடுத்தாளுக்கும் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. பெண்டு பிள்ளைகள் ஊரில், ஆண்கள் கிட்டங்கியில். ஒரு கூடத்தில் பத்து இருபது கடைக்காரர்கள், ஆளுக்கொரு பெட்டி, பொதுவில் சமையல்.

எங்கள் ஐயா மோல்மேனில் இருந்தவர். ஊரிலிருந்து யாராவது கப்பல் ஏறினால் தகர டின்னில் அடைத்து மோர் மிளகாயும் வத்தலும் கொடுத்தனுப்புவது அப்பத்தாக்கள் காலத்து வழக்கம் என்று ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். திரும்பி வருகிறவர்கள் ஜாடி கொண்டுவந்தார்கள். மர்த்தபானுக்கு எதிர்க்கரையிலிருந்து வந்த ஜாடியில் ராமநாதபுரம் சீமை மிளகாய்! இப்னு பதூதா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், அது கிடைக்காதவர்கள் மணிப்பூர், அசாம் வழியாக நடந்தும் வந்தார்கள். வந்தவர் வந்தார், வராதவர் வரவில்லை. நிலமும் கணக்குப் புத்தகமும் அங்கேயே போயின. எங்கள் வீட்டில் பர்மாவின் மிச்சம் என்று சொல்ல, தேக்குத் தூண்களும் இந்தப் பழுப்பு ஜாடியும்தான்.

ஒரு எச்சரிக்கை, ஒரு யோசனை

பழைய முறையைப் புகழ்வதோடு நிறுத்தினால் தப்பாகிவிடும். இப்போது பலர் பச்சை மிளகாயை அரைத்தோ கீறியோ எண்ணெயில் மூழ்கவைத்து மேடையிலேயே வைக்கிறார்கள். 1977-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஓர் உணவகம் சரியாகப் பதப்படுத்தாமல் அடைத்து வைத்த மிளகாயைச் சாப்பிட்டு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பாட்யூலிசம் என்ற கடும் நச்சுக்கு ஆளானார்கள். அந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. புளிப்பும், அதிக உப்பும், வறட்சியும் ஆகாது. எண்ணெய் காற்றைத் தடுக்கும், ஆனால் புளிப்பு தராது. ஆயாவின் நாலு காவலில் மூன்றை எடுத்துவிட்டு ஜாடியை மட்டும் வைத்துக்கொண்டால் ஆபத்து. எண்ணெயில் போட்டால் எலுமிச்சையோ புளியோ உப்போ தாராளமாக இருக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும்.

பச்சையாகவே வைக்க வேண்டுமென்றால்? மிளகாய் வெப்ப நாட்டுச் செடி. அதற்குப் பிடித்த குளிர் 7 முதல் 10 டிகிரி செல்சியஸ். நம் ஃப்ரிட்ஜின் மேல்தட்டு 4 டிகிரி பக்கம் இருக்கும். அங்கே நாள்பட வைத்தால் தோலில் குழி விழுந்து, அந்தக் குழியில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே கீழ்த்தட்டுக் காய்கறிப் பெட்டிதான் சரி. ஏற்கெனவே கெட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, காம்பைச் சதை கிழியாமல் கிள்ளிவிட்டு, ஈரமே இல்லாமல், அடியிலும் மேலேயும் காகிதம் அல்லது துணி போட்ட டப்பாவில் மூடி வைத்தால் இரண்டு மூன்று வாரம் வரும். கழுவுவதாக இருந்தால் சமைக்கும்போது கழுவினால் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீஸரில் போட்டுவிடலாம், சதை தொளதொளக்கும், குழம்புக்குக் குறையில்லை.

ஃப்ரிட்ஜ் செய்வது நாளைத் தள்ளிப்போடுவது. ஆயா செய்தது பச்சை மிளகாயை வேறு ஒரு பொருளாக மாற்றியது. இரண்டும் வேண்டியதுதான். ஆனால் முதலாவதற்கு ஒரு பட்டன் போதும். இரண்டாவதற்குப் பத்து நாள் வெயிலும், காக்காய் விரட்ட ஒரு ஆளும், எப்போது எடுக்க வேண்டும் என்று சத்தத்தை வைத்துச் சொல்லத் தெரிந்த ஒரு காதும் வேண்டும்.

படைப்பு முடிந்த மறுநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தேன். பழைய வீடுகளைப் பிரித்த சாமான்கள் விற்கிற தெரு அது. கதவு, மங்குத் தட்டு, ரவிவர்மா படம், வரிசையாக ஜாடிகள். எங்கள் வீட்டில் இருப்பது மாதிரியே ஒன்றைக் காட்டி, எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டேன். “ஓட்டல்ல வரவேற்பறைல வைக்கிறாங்க சார், குடை போட்டு வைக்க” என்றார் கடைக்காரர்.

பங்கு பிரிக்கும்போது உக்கிராணத்து ஜாடியை யாரும் கேட்கவில்லை, நான் எடுத்து வந்துவிட்டேன். எங்கள் அடுக்குமாடி பால்கனியில் காலை பத்திலிருந்து ஒன்றரை மணி வரைதான் வெயில். போன சித்திரையில் அரைக் கிலோ போட்டேன். முதல் தடவை அவசரப்பட்டேன், ஆயா சொன்ன மாதிரியே மேலே காய்ந்து உள்ளே அழுகிவிட்டது. இரண்டாவது தடவை பதினாறு நாள் ஆனது. இப்போது ஜாடியின் அடியில் ஒரு சாண் அளவு புதுசு இருக்கிறது. அதற்கு மேல் ஒரு துணியில் தனியாகக் கட்டி, ஆயா போட்டதில் மிச்சம் பதினொன்று.